கடலைத் தண்ணீர் மக்ரூன்

எங்கள் வீட்டில் முட்டை வாங்கக் கூடாது என்பது மட்டுமல்ல, முட்டை என்ற சொல்லையே கொஞ்சம் அடக்கித்தான் சொல்ல வேண்டும். கணக்குப் பரீட்சையில் நான் முட்டை வாங்கிய அன்றுகூட அத்தை அப்பாவிடம் "சைபர்" என்றுதான் சொன்னாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் இருந்த அந்த ஃபிளாட் அவளுடையது. சமையலறை அதைவிடவும் அவளுடையது. அம்மாவின் ஓவன் துணி துவைக்கும் இடத்தில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. யாரும் அதை அங்கே வைக்கச் சொல்லவில்லை. அம்மாவே வைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குத் தூத்துக்குடி. அவளுடைய அப்பா அங்கே பேக்கரி வைத்திருந்தார். எங்கள் அப்பா ரயில்வேயில் சேர்ந்த புதிதில் இரண்டு வருஷம் அந்த ஊரில் இருந்தார். தினமும் சாயங்காலம் பிஸ்கட் வாங்கப் போய்ப் போய், கடைசியில் கடைக்காரர் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு வந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் சம்மதமில்லை. இந்தப் பக்கத்தில் அத்தை மட்டும் கதவைத் திறந்தாள். படியேறி வந்த முதல் நாள், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே அம்மா, "இந்த வீட்டுக்குள்ள முட்டை வராதுக்கா. நானும் தொட மாட்டேன்" என்றாளாம். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இதைப் பெருமையாகச் சொல்வார். அப்போதெல்லாம் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெட்கப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் ஒரே பெண். எங்கள் சந்துக் குழந்தைகள் எல்லாம் ஒரு ஸ்கூல் வேனில் போவார்கள், நான் மட்டும் வேறு வேனில். சாயங்காலம் அவர்கள் கீழே விளையாடுவதை மேலிருந்து பார்ப்பேன். "வாடி" என்று யாராவது கூப்பிட்டால் போகலாம் என்று செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். கூப்பிடாமல் எப்படிப் போவது? அப்பாவுக்கு ஷிப்ட். அம்மா சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள், ஏழு மணிக்குத்தான் வருவாள். அத்தை சாயங்காலம் கோயிலுக்குப் போய்விடுவாள். ஆக, ஸ்கூல் விட்டு வந்தால் எனக்குத் துணை டிவியும் வாஷிங் மெஷினும்தான். பேச ஆள் இல்லாததால் வாய் சும்மா இருந்தது என்று நினைக்காதீர்கள். யாராவது ஒருத்தர் கிடைத்தால் போதும், மூன்று நாளுக்குச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டிவிடுவேன். அந்த வாய்தான் இந்தக் கதையில் வருகிறது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. "அண்ணே" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். அப்புறம் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து, "உம், உம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்த பிறகுதான் எனக்கு ஒரு மாமா இருப்பது தெரிந்தது. தூத்துக்குடிக் கடையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு மாமா கத்தாருக்கு வேலைக்குப் போகிறார். திருச்சியிலிருந்து விமானம். விஜயதசமி அன்று மத்தியானம் கிளம்புகிறது. காலையில் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறாராம். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அம்மா வீட்டு மனுஷர் ஒருத்தர் எங்கள் படியேறப் போகிறார்.

அன்று சாயங்காலமே அம்மா முடிவு செய்துவிட்டாள், மாமாவுக்கு மக்ரூன் செய்து கொடுப்பதென்று. மக்ரூன் என்றால் தூத்துக்குடியில் விற்பார்களே, வெள்ளை வெளேரென்று, கூம்பு கூம்பாக, அதுதான். முட்டையின் வெள்ளைக் கருவை நுரை வர அடித்து, சர்க்கரையும் முந்திரித் தூளும் சேர்த்து, மெல்லிய சூட்டில் காய வைத்து எடுப்பது. சர்க்கரை உண்டு, முந்திரி உண்டு. மூன்றாவதுதான் எங்கள் வீட்டில் கிடையாது.

"மைசூர்பாக் பண்ணேம்மா" என்றேன்.

"மைசூர்பாக் யார் வேணா பண்ணுவா. மக்ரூன் பண்ணி வெச்சாத்தான் அவனுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான் இங்க நன்னா இருக்கேன்னு."

மக்ரூனுக்கும் நன்றாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் வீட்டில் இனிப்புச் செய்யப் போகிறாள் என்பது விளங்கியது, எனக்கு அது போதும்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அம்மா முகம் கழுவிக்கொண்டு நேராக ஓவன் பக்கம் போய்விடுவாள். முட்டைக்குப் பதில் எதைப் போடலாம் என்று போனில் தேடித் தேடிப் பார்ப்பாள். மருந்துக் கடைக்காரி இல்லையா, எல்லாவற்றையும் கிராம் கணக்கில் நிறுத்துக்கொள்வாள். முதலில் ஆளி விதையைக் கொதிக்க வைத்தாள். அது ஜலதோஷம் பிடித்த குழந்தையின் மூக்கு மாதிரி ஒழுகியதே தவிர, நுரைக்கவில்லை. அடுத்து சைனா கிராஸ் என்கிற கடற்பாசி. அது ஆறினதும் ரப்பராகி, பந்து மாதிரி தரையில் எகிறியது. மூன்றாவது நாள் பால் பவுடர். அது கொஞ்ச நேரம் ஆசை காட்டி நுரைத்துவிட்டு, ஓவனுக்குள் போனதும் படுத்துவிட்டது. ருசி பார்க்கிற வேலை என்னுடையது. சர்க்கரை இருந்ததால் எனக்கு எல்லாமே பிரமாதமாக இருந்தது. "சூப்பர்மா" என்பேன். அம்மா ஒரு துளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவாள்.

"மக்ரூன்னா எப்படி இருக்கணும்மா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "வாயில போட்டதும் ஒரு சத்தம் வரும். அப்புறம் ஒண்ணுமே இருக்காது, கரைஞ்சு போயிடும். முந்திரி வாசனை மட்டும் நிக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி ஓவனைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்த ஓவனை அவள் துடைத்த துடைப்பில் அது புதிதாகவே இருந்தது.

நவராத்திரி ஆரம்பிப்பதற்கு முதல் நாள் போனில் ஒரு வீடியோ அகப்பட்டது. யாரோ ஒரு பெண், கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை மெஷினில் அடித்து, பனி மாதிரி வெள்ளை நுரை எடுத்துக் காட்டினாள். கிண்ணத்தைக் கவிழ்த்தும் காட்டினாள், நுரை விழவில்லை. அம்மா அதை நான்கு தடவை பார்த்தாள். நாம் கீழே கொட்டுகிற தண்ணீர்! அதுவும் மறுநாள் முதல் ஒன்பது நாளைக்கு வீட்டுக்கு வீடு சுண்டல். அம்மா சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

எங்கள் வீட்டிலும் அத்தை ஐந்து படி கொலு வைப்பாள். ஆனால் எங்கள் வீட்டில் முதல் மூன்று நாளும் பயறு, கடலைப்பருப்பு, காராமணி என்றுதான் அத்தையின் வரிசை. அதை மாற்ற யாராலும் முடியாது. எனவே நான் தூக்குவாளியோடு கிளம்பினேன். என்னை யாரும் அனுப்பவில்லை. அம்மாவுக்கு ஆச்சரியம் தர வேண்டும் என்று நானாகவே போனேன். கொலுவுக்குப் போகிற சாக்கில் அந்தச் சந்து வீடுகளுக்குள் போகலாம் என்கிற ஆசையும் இருந்தது, அதை ஏன் மறைப்பது.

ஐந்து வீடு போனேன். எல்லா வீட்டிலும் முதலில் பாடச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஸ்கூல் பிரேயர் ஒன்றுதான், ஐந்து வீட்டிலும் அதையே பாடினேன். சுண்டல் கொடுத்தார்கள். குங்குமம் வைத்தார்கள். "மாமி, சுண்டல் வேகவெச்ச தண்ணி இருக்கா?" என்று நான் தூக்குவாளியை நீட்டியதும் எல்லோரும் ஒரு நிமிஷம் முழித்தார்கள்.

"எதுக்குடி? சாத்தமுது வைக்கவா? உங்க அத்தையா கேட்டா?"

"இல்ல மாமி, அம்மாவுக்கு."

"ஓ, அம்மாவுக்கா" என்று ஒரு மாமி இழுத்தாள். "அம்மாவையும் அழைச்சுண்டு வரப்படாதோ?" என்று சொல்லிக்கொண்டே பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்த் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். அம்மா அந்த வீடுகளுக்குப் போவதில்லை. கல்யாணமான வருஷம் போனாளாம். அப்புறம் வேலையைச் சாக்காகச் சொல்லிவிட்டாள். நாளடைவில் அவர்களும் கூப்பிடுவதை ஒரு வழக்கமாக மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

தூக்குவாளி நிறைந்து வழிந்தது. ஆனால் ஒரு வீட்டில் வெள்ளைக் கடலை, இரண்டு வீட்டில் கறுப்புக் கடலை, ஒரு வீட்டில் பட்டாணி, இன்னொன்றில் என்னவென்றே தெரியாது. எல்லாம் ஒன்றாகக் கலந்து குளத்துத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. என் நெற்றிக் குங்குமத்தையும் தூக்குவாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இத்தனை வீட்டுக்கா போனே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அதைக் காய்ச்சிச் சுண்ட வைத்து, ஆற வைத்து, நுரை அடிக்கிற பீட்டரைப் போட்டாள்.

நுரை வந்தது! நான் குதித்தேன். காபி நிறத்தில் வந்தால் என்ன, வந்ததே! காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, முனையை வெட்டி, வரிசை வரிசையாகத் தட்டில் வைத்து, ஓவனுக்குள் தள்ளினாள். அரைமணி நேரத்தில் வீடு முழுவதும் ஒரு வாசனை கிளம்பியது. பாயசத்தில் சாத்தமுதை, அதாவது ரசத்தைக் கொட்டிக் கொதிக்க வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஸ்ரீரங்கத்தில் யார் வீட்டில் உப்பும் பெருங்காயமும் போடாமல் கடலை வேகவைப்பார்கள்? அதை நாங்கள் இருவருமே மறந்துபோனோம்.

கோயிலிலிருந்து வந்த அத்தை வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"என்னடி இது, பெருங்காயத்துல கேக்கா?"

அம்மா பயந்துபோய்த் திரும்பினாள். அத்தை ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, அப்புறம் தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்ததை நான் வேடிக்கை பார்த்தேன். ஏனோ அப்புறம் அப்படி ஒருமுறைகூட நடக்கவில்லை.

"என்ன வேணும் உனக்கு, சொல்லு" என்றாள் அத்தை, சிரிப்பு அடங்கிய பிறகு.

"வெள்ளைக் கடலை வேகவெச்ச தண்ணிக்கா. உப்பு, பெருங்காயம் இல்லாம. அண்ணன் வர்றான், அதான்."

அத்தை கை கால் கழுவப் போய்விட்டாள். ஆனால் எட்டாம் நாள், "உப்பில்லாம வேகவெச்சா கடலைக்குள்ள சாரமே ஏறாது" என்று முணுமுணுத்துக்கொண்டே வெள்ளைக் கடலையை வெறும் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்து ஒரு பாத்திரத்தில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தாள். உப்பைத் தாளிக்கும்போது தூவினாள். அன்று கொலுவுக்கு வந்த ஒரு மாமி, "என்ன இன்னைக்கு, சுண்டல் சப்புனு இருக்கே?" என்று கேட்டேவிட்டாள். தன் சமையலை யாராவது குறை சொன்னால் ஒரு மாதம் பேசாத அத்தை, "கை மறந்துடுத்து" என்றாள். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. அத்தைக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்தேன்.

ஆக எல்லாம் தயார். சரஸ்வதி பூஜை அன்று அம்மாவுக்கு லீவு, அன்று மத்தியானம் மக்ரூன் போட்டு டப்பாவில் அடைத்துவிட்டால் மறுநாள் காலையில் மாமா வரும்போது நிம்மதி. ஆனால் நான் ஒருத்தி இருக்கிறேனே! காலையில் அத்தை ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கியபோது, எனக்கும் பொறுப்பு வந்துவிட்டது. என் புத்தகம், ஜாமெட்ரி பாக்ஸ், அத்தையின் அரிவாள்மணை, அப்பாவின் ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அம்மாவின் பீட்டரை மட்டும் விடுவதா? அதற்கும் மூன்று பொட்டு வைத்து, புத்தகங்களுக்கு மேலே சாமிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக் கூடாது. எனக்கு அது தெரியும். கணக்குப் புத்தகத்தைத் தொட வேண்டாம் என்கிற சந்தோஷத்துக்காகவே அது நன்றாகத் தெரியும். மத்தியானம் அம்மா பீட்டரைத் தேடிக்கொண்டு வந்தாள். கற்பூரம் காட்டியாகிவிட்டது. பொட்டு வைத்துக்கொண்டு அது பாட்டுக்கு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"யார் வெச்சது?"

நான் பேசவில்லை. அபூர்வமாக.

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை பீட்டரைப் பார்த்தாள். "எடுத்துக்கோ" என்று அத்தை சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் தோன்றியது. அம்மா அதற்குள், "பரவால்லக்கா, கார்த்தால மறுபூஜை ஆனப்புறம் எடுத்துக்கறேன்" என்றாள். அம்மா எப்போதும் அப்படித்தான், மறுப்பதற்கோ விட்டுக்கொடுப்பதற்கோ யாருக்கும் இடம் வைக்க மாட்டாள்.

மறுநாள் அத்தை நாலரை மணிக்கே குளித்துவிட்டு மறுபூஜையை முடித்தாள். ஐந்து மணிக்கு அம்மா பீட்டரைப் போட்டாள். கால் மணி நேரம் அடித்ததும் நுரை வெள்ளையாக, பளபளவென்று, கரண்டியில் நிற்கிற அளவுக்கு வந்தது. கிண்ணத்தை என் தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்டினாள், விழவில்லை. முந்திரித் தூளை நோகாமல் கலந்தாள். ஏழரைக்குத் தட்டை எடுத்தபோது நாற்பது கூம்புகள், வெள்ளையாக, முனை கூராக. ஒன்றைப் பிய்த்து எனக்குக் கொடுத்தாள். வாயில் போட்டேன். சத்தம் வந்தது. கரைந்தது. உடைந்த பாதி அவள் கையிலேயே இருந்தது. அதை அவள் சாப்பிடவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தட்டிலேயே வைத்தாள்.

அப்பா அன்று டூட்டிக்குப் போய்விட்டார். லீவு போடக் கூடாதா என்று நான் கேட்டதற்கு, "அண்ணனும் தங்கையும் கொஞ்ச நேரம் தனியாப் பேசட்டும்" என்றார். அந்த நல்லெண்ணம் பலிக்கவில்லை. நானும் அத்தையும் கடைசிவரை நகரவே இல்லை.

பத்து மணிக்கு மாமா வந்தார். ஒல்லியாக, புதுச் சட்டையில் மடிப்புக் கலையாமல், கையில் ஒரு தோள்பையோடு. பெரிய பெட்டி கீழே டாக்ஸியில் இருந்தது. வாசலில் நின்றே, "பாப்பா" என்றார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று முன்னால் போனேன். அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, உள்ள வாங்க. என்னண்ணே, இப்பிடி நரைச்சிட்டு!"

நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பேச்சை நான் கேட்டதே இல்லை. வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

அத்தை "வாங்கோ" என்று சொல்லி, டபரா டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள். மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்து காபி குடித்தார். என்னை "மருமவளே" என்று கூப்பிட்டு எந்த கிளாஸ் என்று கேட்டார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "போன வாரத்தோட அடுப்ப அணைச்சாச்சு பாப்பா. ஒன்னிய நெனச்சிக்கிட்டுதான் கடைசியா..." என்று ஆரம்பித்து, அத்தை நிற்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அம்மா, "இருங்கண்ணே, ஒண்ணு கொண்டாரேன்" என்று ஓவன் பக்கம் போனாள்.

மாமாவின் பை எனக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது. ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு நீல நிறத் தகர டப்பா. மருமகளுக்கு ஏதோ கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்குக் கை பரபரத்தது. மாமா அத்தையோடு விமான நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் விரலை விட்டு மூடியை லேசாக நெம்பிப் பார்த்தேன். வெள்ளைக் கூம்புகள். பட்டர் பேப்பருக்கு மேல் வரிசையாக, நெருக்கமாக, ஒன்றுகூட முனை உடையாமல். அம்மா செய்ததைவிட இன்னும் வெள்ளை. மூடியை அழுத்தி மூடிவிட்டு, நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எப்போது எடுத்துக் கொடுப்பார் என்று காத்திருந்தேன்.

அம்மா தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். தட்டைப் பார்த்ததும் மாமாவின் முகம் மலர்ந்தது. "ஏ, மக்ரூனா! நீயா போட்ட?" என்று சிரித்துக்கொண்டே அவர் குனிந்தார், கை பையின் ஜிப்புக்குப் போனது. இதோ எடுக்கப் போகிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவின் பெருமையை அந்த நொடியிலேயே சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது.

"மாமா, இதுல முட்டையே இல்ல தெரியுமா! கடலைத் தண்ணில பண்ணது. எங்காத்துக்குள்ள முட்டையே வரப்படாது. வந்தா தீட்டு. அம்மா பதினோரு வருஷமா தொட்டதே இல்ல!"

தீட்டு என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அது நானாகச் சேர்த்தது, பேச்சுக்கு ஒரு கனம் இருக்கட்டும் என்று.

மாமாவின் கை ஜிப்பில் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக ஜிப்பை முழுவதும் இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தார். தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டார். ஐப்பசி மழை முன்கூட்டியே வந்த மாதிரி அன்று காலையிலிருந்து ஒரே ஈரக் காற்று. மக்ரூன் கொஞ்சம் நமுத்துப்போயிருந்தது. சத்தம் வரவில்லை. மாமா மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லாருக்கு பாப்பா. அப்பா கைப்பக்குவம் அப்படியே."

"நெசமாவா?"

"நெசமாத்தான்." இன்னொன்று எடுத்தார். நான்கு சாப்பிட்டார். "மிச்சத்தக் கட்டிக்குடு, போற வழிக்கு ஆவும்" என்றார். அம்மா ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் டப்பாவில் எல்லாவற்றையும் போட்டுக் கொண்டுவந்தாள். உடைந்த பாதியைக்கூட விடவில்லை. அவள் முகம் அன்று இருந்த மாதிரி நான் பார்த்ததில்லை. பரீட்சையில் முதல் வந்த பிள்ளை மாதிரி நின்றாள்.

செருப்பை மாட்டும்போது மாமா கேட்டார், "இப்பம் வெளிய எங்கயும்கூட சாப்பிடுறதில்லியா பாப்பா?"

அம்மா அத்தையை ஒரு தரம் பார்த்தாள். "இல்லண்ணே. பழகிப்போச்சு" என்றாள்.

"சரி" என்றார் மாமா. என் தலையில் கையை வைத்துவிட்டு, "வாரேன் மருமவளே" என்று படியிறங்கினார். கீழே டாக்ஸி கிளம்பும்வரை அம்மா மேலிருந்து கையாட்டினாள். நான் ஆட்டவில்லை. நீல டப்பா அந்தப் பையிலேயே போகிறது, நான் எதற்கு ஆட்ட வேண்டும்?

அன்று முழுவதும் அம்மா பாடாத குறைதான். மத்தியானம் அத்தைக்கு இரண்டு தடவை சொன்னாள், "அப்பா கைப்பக்குவம் மாதிரியே இருக்குன்னான்கா." சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து வாய்க்குள் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"உங்க அண்ணா சரியான கஞ்சன்மா. பையில ஒரு டப்பா நெறைய மக்ரூன் வெச்சிருந்தார். எனக்கு ஒண்ணுகூடத் தரல!"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எந்த டப்பா?"

"நீல டப்பா. தகரம்."

"வட்டமா? மூடியில கப்பல் போட்டிருக்குமே?"

"ஆமாம். நான் தொறந்து பாத்தேன். வெள்ளையா, வரிசையா. நீ பண்ணதைவிட அழகா இருந்துது."

"முனை ஒடைஞ்சிருந்துதா?"

"ஒண்ணுகூட ஒடையல."

அம்மா கையிலிருந்த என் யூனிஃபார்மை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். பிறகு எழுந்துபோய், காலையிலேயே கழுவி வைத்திருந்த கிண்ணத்தையும் பீட்டரையும் எடுத்து, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. வீணாகிறதே என்று நான் நினைத்தேன்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். "நீ வெளியில சாப்பிடப்படாதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அத்தையின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அம்மா திரும்பாமலே, "நீங்க ஒண்ணும் சொல்லலக்கா" என்றாள். அத்தை கையை அம்மாவின் முதுகுப் பக்கம் கொண்டுபோனாள். பிறகு குழாயை மட்டும் மூடிவிட்டு, கொலுவில் ஒரு பொம்மையைச் சாஸ்திரத்துக்குப் படுக்க வைக்கப் போய்விட்டாள்.

அம்மாவுக்கு அது பதினோரு வருஷக் கணக்கு. எனக்கும் அந்த நாளிலிருந்து இப்போது பதினோரு வருஷம் ஆகிவிட்டது, இருபது வயது. மாமா கத்தாரிலேயே இருந்துவிட்டார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் வரும், இரண்டு நிமிஷம் பேசுவார்கள். டப்பாவைப் பற்றி அவரும் சொன்னதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. ஓவன் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடலைத் தண்ணீரை அம்மா மறுபடி எடுத்து வைக்கவே இல்லை. போன மாதம் திருச்சியில் ஒரு கடையில் தூத்துக்குடி மக்ரூன் பார்த்தேன். ஒரு பாக்கெட் வாங்கி, அம்மாவை மருந்துக் கடை வாசலிலேயே பிடித்து, "வீட்டுக்குள்ள கொண்டுபோகலம்மா, இங்கேயே ஒண்ணு சாப்பிடு" என்றேன். அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முனை சரியில்ல" என்று சொல்லிப் பாக்கெட்டிலேயே போட்டுவிட்டாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருவரும் பஸ் ஏறினோம்.

அன்றைய விஜயதசமிக்கு வருகிறேன். அத்தை பொம்மையைப் படுக்க வைத்தாயிற்று, வீடு அமைதியாகிவிட்டது. அம்மா பின்பக்கம் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் பாயில் படுத்துக்கொண்டு மாமாவை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு டப்பா நிறைய வைத்துக்கொண்டு ஒன்றுகூடத் தராமல் போய்விட்டாரே, இவரெல்லாம் ஒரு மாமாவா என்று. அணைத்துவிட்ட அடுப்பில் கடைசியாக வெந்தது அந்த டப்பாவில் இருந்தது என்றோ, அது எனக்காக வந்தது இல்லை என்றோ, அதைத் திரும்பிப் போகச் சொன்னது என் வாய்தான் என்றோ எனக்குத் தோன்றவே இல்லை.